யார் சார்த்திய ஏணி?

"எங்கே இருந்தவர் எங்கே போய்விட்டார், பார்த்தீரா! பண்ணைப்புரத்துப் பட்டிக்காட்டுப் பாட்டிலே தொடங்கியவர், கருநாடக இசையைக் கற்றுக் கரையேறி, இன்று இலண்டன் மாநகரில் சிம்பொனி சிகரத்தையே தொட்டுவிட்டார்! என்னே உயர்வு! என்னே வளர்ச்சி!"

இளையராஜாவைப் பற்றிப் பேச்செழும் இடமெல்லாம் இந்தப் பாராட்டு கேட்கிறது, தோழர்களே! தேநீர்க் கடையிலே கேட்கிறது; திருமண மண்டபத்திலே கேட்கிறது; ஏடுகளிலே கொட்டை எழுத்துகளில் காணக் கிடைக்கிறது. 2025-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 8-ஆம் நாள், இலண்டன் அப்பல்லோ அரங்கில் அவர் இயற்றிய 'வேலியண்ட்' சிம்பொனி அரங்கேறிய பிறகு, இந்தக் குரல் முழக்கமாகவே மாறிவிட்டது. அவ்வாண்டு செப்டம்பரில் தமிழ்நாடு அரசு அவருக்குப் பாராட்டு விழா எடுத்தது. திரையிசையிலே அரை நூற்றாண்டு காலம் ஓயாது உழைத்த ஒருவரை நாடு பாராட்டுகிறது; நாமும் மகிழ்கிறோம். மகிழாதவன் தமிழ்க் காது படைத்தவனாக இருக்க முடியாது!

ஆனால், பாராட்டு முழக்கத்தின் நடுவே ஒரு சொல் ஒளிந்து கிடக்கிறதே, அதைக் கவனித்தீர்களா? 'ஏறினார்' என்ற சொல்!

எதிலிருந்து எதற்கு ஏறினார்? எது தரை, எது மாடி? யார் அளந்தார்கள் உயரத்தை? எந்த முழக்கோல் கொண்டு அளந்தார்கள்? கேட்டுப் பாருங்கள். பாராட்டுவோர் சற்றே திகைப்பார்கள். பிறகு, 'இது தெரியாதா?' என்ற பாவனையிலே விடை சொல்வார்கள். உழவன் பாடும் பாட்டும், உறுமியும் பறையும் முதற்படியாம். சபையிலே பாடப்படும் இசை இரண்டாம் படியாம். ஐரோப்பியனின் சிம்பொனி மூன்றாம் படி, முடிவான படி, முத்தான படியாம்! ஆக, இசைக்கு மூன்றடுக்கு மாளிகை. அடித்தளத்தில் ஆடுமாடுகளோடு மக்கள்; நடுத்தளத்தில் பக்கவாத்தியங்களோடு பண்டிதர்கள்; மேல்தளத்தில் கோட்டும் கழுத்துப் பட்டையும் அணிந்த வெள்ளையர்கள்!

இந்த மாளிகையின் வரைபடத்தை நீங்கள் எங்கேயோ பார்த்தது போல் இல்லையா, தோழர்களே? பார்த்திருக்கிறீர்கள்! பிறப்பினாலே உயர்வு தாழ்வு கற்பித்து, மனிதனை அடுக்கடுக்காக நிறுத்தி வைத்தார்களே, அதே வரைபடம்தான். மனிதர்களை அடுக்கிய கை, அவர்கள் கையில் இருந்த கருவிகளையும் அடுக்கியது. இன்று மனிதர்களை அடுக்குவது குற்றம் என்று சட்டம் சொல்கிறது. கருவிகளை அடுக்குவதோ, இரசனை என்ற பெயரில், நம்முடைய நாவிலேயே உலவிக் கொண்டிருக்கிறது!

வரலாற்றைச் சற்றே புரட்டுங்கள். தமிழன் தன் தாய்மொழியிலே பாடிய பாட்டுக்குக் கச்சேரி மேடையில் என்ன இடம் தந்தார்கள்? கச்சேரி முடியும் தறுவாயில், எழுந்து போகிறவர் எழுந்து போகும் நேரத்தில், 'துக்கடா' என்று ஒரு மூலை! அந்த இழிவைப் பொறுக்காமல்தான் தமிழிசை இயக்கம் கிளர்ந்தெழுந்தது. 1941-இல் அண்ணாமலை நகரில் தமிழிசை மாநாடு கூடியது. 1943-இல் சென்னையிலே தமிழ் இசைச் சங்கம் பிறந்தது. அதே 1943-ஆம் ஆண்டில்தான் மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்துப் பண்ணைப்புரத்தில் இளையராஜாவும் பிறந்தார். தமிழிசைக்காரர்கள் மொழியின் பெயரால் போடப்பட்ட ஏணியை உலுக்கினார்கள். அதற்கும் கீழே, சேரித் தெருவிலே ஒலித்த கருவிக்கு எதிராகப் போடப்பட்ட ஏணியோ அப்படியே நின்றது, இன்றும் நிற்கிறது. அதன்மீதுதான் இளையராஜாவை ஏற்றி நிறுத்தி மாலை போடுகிறார்கள், பாராட்டுவோர்!

'இல்லை, இல்லை! அவரே அப்படித்தான் படிப்படியாக வளர்ந்தார். நடந்ததைத்தானே சொல்கிறோம்' என்று வாதிடுவோர் உண்டு. நல்லது. நடந்தவற்றை நாளும் ஆண்டுமாக எடுத்து வைத்துப் பார்ப்போம்.

1976-இல் 'அன்னக்கிளி' வந்தது. அதற்கு முன் சில ஆண்டுகளாக, 1969-இல் வந்த 'ஆராதனா', 1973-இல் வந்த 'பாபி' ஆகிய இந்திப் படங்களின் பாட்டுகளைப் பொருள் புரியாமலே முணுமுணுத்துத் திரிந்த நம் இளைஞர்களை, தம் ஊர்ப் பாட்டின் பக்கம் திருப்பிய படம் அது. 'பார்த்தீர்களா, அதுதான் முதற்படி' என்பார்கள். சரி, அடுத்த ஆண்டு, 1977-இல், 'கவிக்குயில்' வந்ததே! அதில் பாலமுரளிகிருஷ்ணாவை அழைத்து வந்து ரீதிகௌளை இராகத்தில் பாட வைத்தாரே! முதற்படியிலிருந்து இரண்டாம் படிக்கு ஏற அவருக்குத் தேவைப்பட்டது ஓராண்டு மட்டும்தானா? அந்த 1977-இலேயே '16 வயதினிலே' மூலம் மீண்டும் வயற்காட்டுக்கு வந்துவிட்டாரே, ஏறியவர் ஏன் இறங்கினார்?

மேலே செல்லுங்கள். 1986-இல் 'ஹவ் டு நேம் இட்?' என்ற கருவியிசைத் தொகுப்பை வெளியிட்டார். தியாகராசருக்கும் செர்மானிய மேதை பாகுக்கும் அதைக் காணிக்கையாக்கினார். 'ஆகா, உச்சிக்குப் போய்விட்டார், இனிக் கிராமத்துப் பக்கம் திரும்பமாட்டார்' என்று எண்ணியோர் உண்டு. மூன்றே ஆண்டுகளில், 1989-இல், 'கரகாட்டக்காரன்' வந்தது! தவிலும் நாதசுரமும் தமிழகத்துத் தெருவெல்லாம் அதிர்ந்தன. 1993-இல் இலண்டன் சென்று, ராயல் பில்ஹார்மோனிக் இசைக்குழுவைக் கொண்டு ஒரு சிம்பொனியைப் பதிவு செய்தார். அது வெளிவரவில்லை. அதன் பிறகு, 1996-இல், அவர் இசையமைத்த ஒரு படத்தின் பெயர் என்ன தெரியுமா? 'நாட்டுப்புறப் பாட்டு'! 2005-இல் மணிவாசகரின் திருவாசகத்தை, அங்கேரி நாட்டுப் புடாபெஸ்டு இசைக்குழுவின் துணையோடு பெரும் இசைப் படைப்பாக்கினார். 2016-இல் அவருடைய ஆயிரமாவது படம் என்ற பெருமையோடு வந்த படம் எது? 'தாரை தப்பட்டை'! பின்னணி இசைக்கான தேசிய விருதை அவருக்குப் பெற்றுத் தந்ததும் அந்தப் படம்தான்.

ஆயிரம் படங்களைத் தாண்டிய பின்னும் தப்பட்டையைத் தம் கையருகே வைத்திருக்கும் ஒருவரைப் பார்த்து, 'தப்பட்டையிலிருந்து தப்பித்துப் போனார்' என்று பாராட்டுகிறார்களே, இதைப் பாராட்டு என்பதா, பழிப்பு என்பதா?

அவர் கற்ற முறையை எண்ணிப் பாருங்கள். தாய் பாடிய பாட்டுகளைக் கேட்டு வளர்ந்தார். அண்ணன் பாவலர் வரதராசன், பொதுவுடைமைக் கட்சியின் மேடைகளிலே பாட்டாலே அரசியல் பேசியவர். 1958-இல் தேவிகுளம் இடைத்தேர்தலின்போது தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் நடுவே பாவலரின் பாட்டு ஒலித்தது. அந்தக் குழுவிலே ஆர்மோனியத்தோடு ஊர் ஊராகச் சுற்றியவர் இளையராஜா. படிப்பறிவு மறுக்கப்பட்ட கூட்டம், பகலெல்லாம் உழைத்துக் களைத்த கூட்டம், அந்தக் கூட்டத்தைக் கட்டி நிறுத்தும் மெட்டு எது, கலைந்து போகச் செய்யும் மெட்டு எது என்பதை எந்தக் கல்லூரி கற்பிக்கும்? இரவு நேரத் திறந்தவெளி மேடைதான் அதைக் கற்பித்தது. கட்சி மேடையைக் கண்ட தோழர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை!

1968-இல் சென்னை வந்தார். தன்ராஜ் மாஸ்டரிடம் மேலை இசையின் எழுத்து முறையைக் கற்றார். டி. வி. கோபாலகிருஷ்ணனிடம் கருநாடக இசை பயின்றார். கன்னடத் திரையுலகின் ஜி. கே. வெங்கடேஷிடம் உதவியாளராகப் பணியாற்றினார். கற்றபோது முன்னர்க் கற்றதைக் கழற்றி எறியவில்லை. குடியானவன் ஒரு நிலத்திலே நெல்லும், வரப்பிலே உளுந்தும் விதைப்பதில்லையா? உளுந்து விதைத்தவன் நெல்லை விட்டு 'உயர்ந்து' விட்டான் என்று எவரேனும் கூறுவரா?

இனி, அவருடைய நடையில் மாற்றமே இல்லையா என்று கேட்பீர்கள். மாற்றம் உண்டு, மிக உண்டு. அதை நுணுகிக் கேட்டுச் சொல்லும் இளைஞர்கள் இன்று நாட்டிலே பெருகியிருக்கிறார்கள் என்பது நமக்கெல்லாம் பெருமை. இசைக் கல்லூரியின் வாசலை மிதித்திராத இளைஞன் ஒருவன், பாடகர் ஒரு மெட்டைப் பாடுகையில் அடியிலே பேஸ் கிட்டார் தனியாக வேறொரு மெட்டைப் பேசிக் கொண்டு போவதைச் சுட்டிக் காட்டுகிறான். 1979-இல் வந்த 'உதிரிப்பூக்கள்' படத்தில் இசை எங்கே பேசுகிறது, எங்கே வாய்மூடி நிற்கிறது என்று எடுத்துரைக்கிறான். 1986-இல் 'விக்ரம்', 'புன்னகை மன்னன்' படங்களிலே கணிப்பொறியை இசைக்குப் பணியாளாக்கியதைச் சொல்கிறான். 2000-இல் 'ஹே ராம்' படத்துக்கு, வேறொருவர் இசையில் முன்பே படமாக்கப்பட்டிருந்த காட்சிகளின் உதட்டசைவுக்குப் பொருந்தப் புதிய பாட்டுகளை அமைத்த திறத்தை வியக்கிறான். உரையாடல் குறைந்த 'நந்தலாலா'வில், 2010-இல், சொல் விட்ட இடத்தை இசை நிரப்பியதைக் காட்டுகிறான். எண்பதை எட்டும் வயதிலே, 2023-இல், 'விடுதலை'க்கு அவர் தந்த இசையைப் பழைய இசையோடு ஒப்பிட்டுப் பேசுகிறான். இவனல்லவா இரசிகன்! இவன் காதுக்கு மாற்றம் தெரிகிறது. அகன்றது எது, ஆழ்ந்தது எது, சுருங்கிச் செறிந்தது எது என்று அவன் கணக்கு வைத்திருக்கிறான். அந்தக் கணக்கிலே மேல்சாதி இசை, கீழ்சாதி இசை என்ற பத்தி இல்லை!

அவனுக்கு நேர்மாறானவர் இருவர். ஒருவரை மேலே பார்த்தோம்: 'ஏறினார்' என்பவர். மற்றொருவர், 'இறங்கினார்' என்பவர். "எண்பதுகளோடு எல்லாம் முடிந்தது, அதற்குப் பின் வந்தவை எல்லாம் சரிவு" என்று இவர் பெருமூச்சு விடுகிறார். இவர் தம் இளமையைப் பறிகொடுத்த துக்கத்தை இளையராஜாவின் கணக்கிலே எழுதுகிறார், பாவம்! நரைத்தது இவர் தலை. குறை சொல்வதோ அவர் மெட்டை! 'ஏறினார்' என்பவரும் 'இறங்கினார்' என்பவரும் பகைவர் போலத் தோன்றுவர். உண்மையில் இருவரும் ஒரே ஏணியின் இருபக்கம் நிற்பவர்கள். ஒருவர் அண்ணாந்து பார்க்கிறார், மற்றவர் குனிந்து பார்க்கிறார். காது கொடுத்துக் கேட்க இருவருக்கும் நேரமில்லை.

நம் தோழர்களிலே மூன்றாம் வகையினரும் முளைத்திருக்கின்றனர். 2022-இல் இளையராஜா ஒரு நூலுக்கு எழுதிய முன்னுரையில் அண்ணல் அம்பேத்கரையும் பிரதமர் மோடியையும் ஒப்பிட்டார். அவ்வாண்டே மாநிலங்களவைக்கு நியமன உறுப்பினராக்கப்பட்டார். அன்று முதல் 'இனி அவர் பாட்டைக் கேட்க மாட்டேன்' என்று சிலர் சபதம் செய்து கொண்டனர். முன்னுரையிலே மாறுபாடு இருந்தால், முன்னுரையோடு வாதிடுங்கள், மறுப்புரை எழுதுங்கள், மேடை போட்டுப் பேசுங்கள். அது அரசியல், நமக்குப் பழக்கமான களம். மெட்டு என்ன பிழை செய்தது? நாற்று நடும் பெண்களின் தாளத்தை உலகக் காதுக்குக் கொண்டு சென்ற மெட்டை, அந்தப் பெண்களின் பேரன்மார்களே புறக்கணித்தால், இலாபம் யாருக்கு? ஏணி போட்டவர்களுக்குத்தான்!

ஏணியின் நிழல் எவ்வளவு நீளம் என்பதற்கு ஒரு சான்று போதும். 2018-இல் அவருக்குப் பத்ம விபூஷண் விருது அறிவிக்கப்பட்டது. அப்போது ஓர் ஆங்கில நாளேடு, தன் தலைப்பிலேயே, இது தலித் மக்களை நெருங்குவதற்கான முயற்சி என்ற பொருள்படும்படி எழுதியது. கண்டனம் எழுந்தது, ஏடு வருத்தம் தெரிவித்தது. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக உழைத்துத் தேசிய விருதுகள் பல பெற்றவர்! முழு இசைக்குழுவுக்கும் வேண்டிய இசைக் குறிப்புகளைத் தம் கையாலேயே தாளில் எழுதி முடிப்பவர்! அவருக்கும் விருதுக்கும் இடையே அவருடைய பிறப்புத்தான் அந்தத் தலைப்பை எழுதியவரின் கண்ணிலே பட்டது. 'ஏறினார்' என்று பாராட்டும் நண்பர்களே, நீங்கள் பிடித்துக் கொண்டிருக்கும் ஏணியின் அடுத்த முனையைப் பிடித்திருப்பவர் யாரென்று தெரிகிறதா?

அவருடைய இசையே இந்த ஏணிக்கு விடை சொல்லியிருக்கிறது. 1985-இல் பாலச்சந்தரின் இயக்கத்தில் வந்த 'சிந்து பைரவி'யை நினைவு கூருங்கள். கருநாடக இசை வித்துவானின் கச்சேரியிலே, மக்களுக்கு விளங்கும் தமிழிலே பாடக் கூடாதா என்று ஒரு பெண் எழுந்து கேட்கிறாள். கேட்டவள் தானே பாடியும் காட்டுகிறாள். எழுத்தறியாதவர் பாடும் பாட்டுப் போலத் தொடங்குகிறது, மெல்ல வளர்கிறது, வளர்ந்து சென்று தியாகராசரின் கீர்த்தனையிலே கலக்கிறது. கலக்குமிடத்தில் தையல் தெரியவில்லை! ஏன்? இரண்டையும் சாரமதி என்ற ஒரே இராகத்தில் அமைத்துவிட்டார். காம்போதியில் பாடப்பட்டு வந்த கீர்த்தனையைச் சாரமதிக்குக் கொண்டு வந்தார். சேற்றிலே நிற்பவளின் பாட்டைச் சபைக்கு ஏற்றவில்லை. சபையின் பாட்டை அவள் பாட்டோடு ஒரே தரையிலே நிற்க வைத்தார். அந்தப் பாட்டுக்காகச் சித்ராவுக்குத் தேசிய விருது கிடைத்தது. அந்தப் படத்தின் இசைக்காக இளையராஜாவுக்கும் கிடைத்தது. விருது கொடுத்தார்கள், கைதட்டினார்கள், பாடத்தை மட்டும் படிக்க மறந்தார்கள்!

பாடம் புதியதும் அன்று. தொல்காப்பியர் ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருள்களை எண்ணிச் சொல்கையில், பறையையும் யாழையும் ஒரே வரிசையில் வைத்தார். மலைக்கு ஒரு பறை, ஒரு யாழ். வயலுக்கு ஒரு பறை, ஒரு யாழ். கடற்கரைக்கு ஒரு பறை, ஒரு யாழ். யாழ் மேல், பறை கீழ் என்று அவர் எழுதவில்லை. நிலத்திலே பிறந்தவை இரண்டும். நிலத்துக்கு உரியவை இரண்டும். அந்த வரிசையைக் கலைத்து, யாழை மாளிகைக்கும் பறையைச் சாவு வீட்டுக்கும் அனுப்பியவர்கள் பின்னால் வந்தவர்கள்.

ஆகவே, தோழர்களே, இளையராஜாவின் சிம்பொனியைக் கொண்டாடுங்கள். மனமாரக் கொண்டாடுங்கள். அந்த மேடையில் இசைத்த வயலினும் செல்லோவும் நமக்குப் பகையல்ல. எந்நாட்டுக் கருவியாயினும் மனிதன் செய்த கருவியே. ஆனால், 'அங்கே போனதால் உயர்ந்தார்' என்று எவரேனும் சொன்னால், அமைதியாக, ஆனால் அழுத்தமாகத் திருத்துங்கள். 'அவர் அங்கே போனதால் அந்த மேடைக்கு ஒரு புதிய இசை கிடைத்தது' என்று சொல்லுங்கள்.

சொல்வதோடு நில்லாதீர்கள். உங்கள் ஊரிலே மாநாடு நடக்கும், ஊர்வலம் புறப்படும். ஊர்வலத்துக்கு முன்னே பறையடிக்கும் தோழர்கள் வெயிலிலே, வியர்வையிலே, வழி முழுதும் ஆடி வருவார்கள். ஊர்வலம் பந்தலை அடைந்ததும் அவர்கள் எங்கே போகிறார்கள்? பந்தலுக்குப் பின்னால், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்திலே நிழல் தேடி உட்கார்கிறார்களா? மேடையிலே இன்னிசைக் கச்சேரி செய்பவருக்கு உறையிலே வைத்துக் கொடுக்கும் தொகை எவ்வளவு? இவர்களுக்கு எண்ணிக் கொடுக்கும் தொகை எவ்வளவு? துண்டறிக்கையிலே பாடகரின் பெயர் அச்சாகிறது. பறைக் கலைஞரின் பெயர் அச்சாகிறதா? இந்தக் கேள்விகளை உங்கள் கிளைக் கூட்டத்திலே எழுப்புங்கள்.

விடை நாணத்தக்கதாக இருந்தால் மாற்றுங்கள். அடுத்த மாநாட்டுத் துண்டறிக்கையில் அவர்கள் பெயரை அச்சிடுங்கள். ஊர்வலம் முடிந்ததும் மேடையேற்றி, ஒலிபெருக்கி முன் நிறுத்தி, அரைமணி நேரம் கொடுங்கள். அவையோர் அமர்ந்து, வாய்மூடி, இசை என்று கேட்கட்டும். பாடகருக்கு அளிக்கும் பொன்னாடையை அவர்களுக்கும் போர்த்துங்கள். பாடகருக்குத் தரும் மதிப்பிலே ஊதியமும் தாருங்கள்.

இலண்டனுக்குப் போய்ச் சிம்பொனி கேட்க நம்மில் எத்தனை பேரால் முடியும்? இதைச் செய்ய எல்லாக் கிளையாலும் முடியும். செய்வீர்களா, தோழர்களே?